செவலை உள்ளே, காரி வெளியே

1957 ஏப்ரல் 1, திங்கட்கிழமை. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் கடை நாட்காட்டியிலிருந்து கிழித்த அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ஓரமெல்லாம் பழுத்து, ஒரு மூலையில் எண்ணெய் ஊறி, பின்னால் வைத்த விரல் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிட்டது. பின்புறத்தில் பென்சிலால் இரண்டு வரிகள். மேலே அத்தாவின் கையெழுத்து: "பிறை இல்லை." கீழே என் கையெழுத்து, பன்னிரண்டு வயதுக் கோணலோடு: "செவலை உள்ளே. காரி வெளியே."

தேதியில் சந்தேகம் வேண்டாம். நயா பைசா புழக்கத்துக்கு வந்த நாள் அது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அன்று எந்தக் கடையிலும் வியாபாரத்தைவிட வாக்குவாதமே அதிகம். அத்தா மாலையில் தொண்டை கட்டிப்போய்த்தான் கடையை விட்டு எழுந்தார்.

மேல் வரி நோன்பைப் பற்றியது. கீழ் வரி ஒரு விமானத்தைப் பற்றியது. இரண்டும் எப்படி ஒரே தாளில் வந்து சேர்ந்தன என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் "ரிமோட் எங்கே?" என்று கேட்கிறார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கோவிந்தாபுரத்தில் எங்கள் கடையும் வீடும் ஒரே கட்டடம். முன்னால் கயிறு, சாக்கு, ஆணி, வார்னிஷ், மண்ணெண்ணெய். பின்னால் நாங்கள். வீட்டில் பிள்ளைகள் இருவர். ஒன்று நான். இன்னொருவன் என் மச்சான், அத்தாவின் அக்காள் மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன், பள்ளிக்கூடத்துக்காக எங்களோடு இருந்தான். அம்மாவின் தம்பி, எங்கள் மாமு, பினாங்கில் ஏதோ ஒரு வெள்ளைக்காரர் கடையில் விற்பனையாளர். ஊருக்குத் திரும்பிய ஒருவர் கையில் அவர் ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்தனுப்பினார். டப்பாவின் மேல் "பிள்ளைகளுக்கு" என்று மட்டும் எழுதியிருந்தது.

உள்ளே பிஸ்கட் இல்லை. மெழுகுத்தாளில் சுற்றிய இரண்டு சின்ன எஞ்சின்கள். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் உயரம். காசுகளை அடுக்கியதுபோல் வரிவரியான உலோகம், உச்சியில் ஒரு திருகு, முன்னால் மரத்தில் ஒரு சுழல்விசிறி. கூடவே நான்காக மடித்த பெரிய நீலக் காகிதம். அதில் ஒரு விமானத்தின் படம், அளவுகளோடு.

அத்தா ஒரு எஞ்சினைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இதுல என்னத்தைங்க அரைக்கிறது?"

"அரைக்கிறதுக்கில்லீங்க. பறக்கிறதுக்கு," என்றார் கொண்டுவந்தவர்.

"பறந்து?"

"பறந்து எறங்கிக்கும்."

அத்தா அம்மாவைப் பார்த்தார். "உன்ற தம்பி கடல் தாண்டிப் போய் சம்பாதிச்சு இதைத்தான் அனுப்பியிருக்கிறான்."

"எனக்குச் சேலை வேண்டாம்னு நான்தான் சொன்னனுங்க," என்றார் அம்மா. அப்படி அவர் சொல்லவேயில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் மாமுவுக்கு 'வெளங்காதவன்' என்று பெயர் நிலைத்தது. அவர் கல்யாணப் பேச்சு ஒன்றுகூட இதனால் தள்ளிப்போனது என்பார்கள். அவர் பிற்பாடு அனுப்பிய தங்கத்தில் இன்று எங்கள் குடும்பத்தில் ஒரு குண்டுமணியும் இல்லை. எஞ்சின் ஒன்று இருக்கிறது; இதை எழுதும்போது காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன்.

இரண்டையும் மச்சானிடம் கொடுக்கச் சொன்னார் அத்தா. "பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு?"

"பிள்ளைகளுக்குன்னு எழுதியிருக்குதுங்கத்தா. பையனுக்குன்னு எழுதலை," என்றேன்.

அத்தா வியாபாரி. எழுத்தில் இருப்பதை மறுக்கமாட்டார். ஆளுக்கொன்று ஆயிற்று. ஆனால் நீலக் காகிதத்தில் இருந்த விமானத்துக்கு எஞ்சின் ஒன்றுதான். யாருடைய எஞ்சினைப் பூட்டுவது? ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தோம். அடித்துக்கொண்டும் பார்த்தோம். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இறக்கைகளை நீட்டி, இரண்டு எஞ்சினையும் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துவிடலாம் என்று முடிவானது. இரட்டை எஞ்சின் என்றதும் ஏதோ பெரிய இலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு பாகப்பிரிவினைச் சண்டையின் தீர்ப்பு.

இவ்வகை விமானம் தன் போக்கில் பறந்து போகாது. நடுவில் நிற்பவர் கையில் ஒரு பிடி. பிடியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் இடது இறக்கை வழியாக உள்ளே போகும். பிடியை மேலே சாய்த்தால் விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். நிற்பவரைச் சுற்றி வட்டமாகத்தான் பறக்கும். கம்பி விறைப்பாக இருக்கும்வரை அது நம் சொல் கேட்கும். தொய்ந்தால் கேட்காது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

காகிதத்தில் சொன்ன மரம் எங்கள் பக்கம் கிடையாது. மாங்காய் ஏற்றும் பெட்டிகளின் இலவம்பலகையை வாங்கி, சவரக்கத்தித் துண்டால் சீவினோம். இறக்கையின் விலா எலும்புகளுக்கு மூங்கில் சிம்பு, ஓரத்துக்குத் தென்னை ஈர்க்கு. மேலே ஒட்டத் தாள் வேண்டும். அந்த மாசி மாதம் தேர்தல். சுவர் நிறைய, வேலி நிறைய மெல்லிய நோட்டீஸ்கள். தேர்தல் முடிந்த மறுநாள் நானும் மச்சானும் சாக்கோடு கிளம்பி, நனையாத தாளாகப் பார்த்து உரித்துக்கொண்டு வந்தோம். ஒரு இறக்கையில் ஒரு கட்சி, மறு இறக்கையில் எதிர்க்கட்சி. கஞ்சித்தண்ணீர் தடவிக் காயவைத்தால் தாள் இழுத்துக்கொண்டு மேளத்தோல்போல் விறைத்தது. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து, ஒவ்வொரு இழையாக நீவி எடுத்துக் கட்டுக்கம்பி ஆக்கினோம். தைலம் வந்த சின்னத் தகர டப்பாக்கள் எண்ணெய்த் தொட்டிகள்.

எண்ணெய்தான் சிக்கல். மூன்றைக் கலக்க வேண்டும். மண்ணெண்ணெய் கடையில் இருந்தது. விளக்கெண்ணெய் அடுக்களையில். மூன்றாவது, ஈதர். அதற்குக் கொல்லங்கோட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் போனோம்.

"ஆருக்கு மயக்கம் குடுக்கணும்?" என்றார் அவர்.

"ஏரோப்ளேனுக்குங்க."

"நோயாளியைக் கொண்டு வா. பாக்காம மருந்து தரமாட்டேன்."

மறுநாள் எஞ்சின்களைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தோம். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் ஒரு கட்டையில் முடுக்கி, அவரே கலந்து ஊற்றினார். விரலில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிக்கொண்டு விசிறியைச் சுண்டினான் மச்சான். சுண்டிச் சுண்டி அவன் விரல் கன்றிப்போன பிறகு, 'விர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஊரிலுள்ள குளவியெல்லாம் ஒரே குடத்துக்குள் புகுந்ததுபோல். ஆஸ்பத்திரித் திண்டில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எழுந்து போய்விட்டார்கள். அந்த மணம், ஈதரும் விளக்கெண்ணெய்ப் புகையும் கலந்தது, இன்றும் ஏதாவது ஆஸ்பத்திரி நடையில் பாதி வந்து பாதியில் நின்றுவிடும். கம்பவுண்டர் ஒரு புட்டி நிறையத் தந்தார், பறக்கும்போது தன்னைக் கூப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அன்றுதான் தெரிந்தது, இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்றாலும் ஒன்றுபோல் இல்லை என்று. மச்சானுடையது தலையில் செந்நிறப் பூச்சு உள்ளது. சுண்டினால் எழும், வேகமாக ஓடும், கடைசிச் சொட்டுவரை நிற்காது. என்னுடையது கறுத்தது, மெதுவாக எழும், அரை மனதாக ஓடும், எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடும். மாடுகளுக்கு வைப்பதுபோல் பெயர் வைத்தோம். அவனுடையது செவலை. என்னுடையது காரி.

தாள் ஒட்டி முடித்த சமயத்தில்தான் அம்மா அந்தப் பேச்சை எடுத்தார். நான் இறக்கைக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தேன். எதிரே அவர் எனக்குத் தாவணி ஓரம் தைத்துக்கொண்டிருந்தார்.

"நோம்பு வந்தா நீ ஊட்டோடதான். அத்தா சொல்லிப்போட்டாங்க. களத்துக்கு, ரோட்டுக்கெல்லாம் போறது இதோட சரி."

"பள்ளிக்கூடம்?"

"அஞ்சாவது முடிஞ்சுதல்லோ. போதும்."

அத்தாவிடம் போனேன். கயிறு அளந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "பிறை தெரியிற வரைக்கும் போ. அதுக்கப்புறம் அதை மாப்ளைகிட்டக் குடுத்துரு."

"அதுக்குள்ள பறக்கலைன்னா?"

"அப்பவும் மாப்ளைகிட்டத்தான்."

ஆக எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நோன்பைத் தொடங்கிவைக்கும் பிறை தெரிவதற்குள் அது பறக்க வேண்டும், பிடி என் கையில் இருக்க வேண்டும். அழுத நினைவு இல்லை. கஞ்சி காய்ந்துவிடும் என்று திரும்பிப் போய்த் தடவியதுதான் நினைவிருக்கிறது.

இப்போது பிணையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மறந்தவர்களுக்காக: களத்தின் நடுவே ஒரு முளை. மாடுகளைப் பக்கம் பக்கமாகக் கழுத்தில் பிணைத்து அந்த முளையில் கட்டி, கதிரின் மேல் சுற்றிச் சுற்றி நடக்கவிடுவார்கள். முளையை ஒட்டிய மாடு நின்ற இடத்தில் திரும்பினால் போதும். வெளி ஓரத்து மாடு எட்டி நடந்தாக வேண்டும். அறுப்பு முடிந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த களத்தில் தினமும் இதைப் பார்த்தோம். களத்துக்காரர் கையில் கோலோடு மாடுகளின் பின்னால் நடந்துகொண்டே சொல்வார்: "கெழட்டு மாட்டை முளைக்கிட்டக் கட்டோணும், பாப்பா. எளங்காளையை வெளியே போடோணும். மாத்திக் கட்டினா வட்டமே வராது."

எங்கள் விமானமும் வட்டம்தான் வரப்போகிறது. நடுவில் முளைக்குப் பதில் நான். எனவே வலுவான செவலை வெளி இறக்கையில், சோம்பேறிக் காரி என்னை ஒட்டிய இறக்கையில். இதைவிடத் தெளிவான காரியம் உலகத்தில் இருக்க முடியாது என்று தோன்றியது. களத்துக்காரர் பார்த்து, "அப்படித்தான்," என்றார். அத்தா தலையசைத்தார். கம்பவுண்டர்கூட "லாஜிக் சரி," என்றார். ஊரில் மாட்டைக் கண்ட எவரும் வேறு மாதிரிச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பரீட்சை முடிந்த வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு, வெயில் தாழ்ந்ததும் களத்தில் இறங்கினோம். நெல்லெல்லாம் வீடு போயிருந்தது. சாணம் மெழுகிய தரை கண்ணாடிபோல் கிடந்தது. தெற்கே மலை நீலமாக, கிட்டத்தில் வரிசையாகப் பனைகள். நான் முளைக்குழிமேல் நின்றுகொண்டேன். சுற்றினால் தலை கிறுகிறுக்கக் கூடாது என்று பல நாட்களாகக் கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிப் பழகியிருந்தேன். மச்சான் இரண்டையும் கிளப்பிவிட்டுக் கையை எடுத்தான்.

ஓடியது. எழுந்தது. கம்பி என் தோளை இழுத்தது. ஒரு பெரிய மீன் தூண்டிலில் மாட்டியதுபோல் அந்த இழுப்பு. பனைகள், மலை, வீட்டுக்கூரை, பனைகள், மலை. மூன்றாவது சுற்றிலோ என்னவோ, சத்தம் பாதியானது. காரி படுத்துவிட்டது. விமானத்தின் மூக்கு மெல்ல என் பக்கம் திரும்பியது. கம்பி தொய்ந்தது. நான் பிடியை எப்படிச் சாய்த்தும் அது கேட்கவில்லை. நேராக என்னை நோக்கி வந்து, காலடியில் குத்தி விழுந்தது. ஆளும் கட்சி இறக்கை இரண்டாக உடைந்தது.

களத்து ஓரத்தில் பையன்கள் கூட்டம். "ஏனுங்க, ஏரோப்ளேன் உங்களைப் பொண்ணு பாக்க வந்துதுங்களா?" என்று ஒருவன் கத்தினான்.

"உன்ற கை சரியில்லை," என்றான் மச்சான்.

"உன்ற செவலைக்குக் கொழுப்பு."

"அடுத்த தடவை நான்தான் பிடிக்கோணும்."

சண்டை போட நேரமில்லை. இறக்கையை மறுபடி கட்டினோம். மூங்கில் சிம்பு, ஈர்க்கு, தாள், கஞ்சி. புகையோடு வந்த விளக்கெண்ணெய் பட்டுத் தாள் ஊறிப்போயிருந்ததால், இந்த முறை மேலே வார்னிஷ் பூசினேன். அம்மா சோறு வடித்த கஞ்சியை நான் கேட்காமலே தனியாக எடுத்து வைத்தார். தாவணியும் தைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் முறை மச்சான் பிடித்தான். அதேபோல் எழுந்தது. அதேபோல் பாதிச் சத்தம். அதேபோல் மூக்கு உள்ளே திரும்பி, அவன் குதித்து விலகாவிட்டால் முட்டியில் குத்தியிருக்கும். இம்முறை மூக்கும் ஒரு விசிறியும் பாதி இறக்கையும் போயின. அவன் என்னைப் பார்த்தான். கை சரியில்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. "விட்டுரலாம் புள்ள," என்றான். அன்று சனிக்கிழமை. ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதம் முடிய இன்னும் இரண்டு நாள்தான் மிச்சம். திங்கட்கிழமை மாலை பிறை பார்ப்பார்கள்.

"நீ உட்டுரு. எஞ்சினை என்கிட்டக் குடுத்துட்டு உட்டுரு," என்றேன். அவன் விடவில்லை.

ஞாயிறு காலை கடை வாசற்படியில் உட்கார்ந்து சிம்புகளை நூலால் கட்டிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த ஒரு பாரவண்டி எங்கள் கடைக்கு எதிரே இடது பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. வண்டிக்காரர் இடத்து மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்தார். வலத்து மாட்டை வாலில் தட்டினார். வலத்து மாடு முன்னால் எட்டிப் போட, வண்டி முழுவதும் இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

நூல் என் கையிலிருந்து விழுந்தது. உள்ளே ஓடினேன்.

"மச்சான், நம்ம பிணையல் கட்டலை. வண்டி பூட்டியிருக்கிறோம்."

"என்ன ஒளர்றே?"

"வண்டியில வலத்து மாடு மட்டும் இழுத்தா வண்டி எந்தப் பக்கம் திரும்பும்?"

"இடத்துப் பக்கம்."

"நம்ம ஏரோப்ளேனுக்கு இடத்துப் பக்கம் ஆரு நிக்கிறா?"

"ஆனா களத்துல வெளிமாடுதானே..."

"களத்துல பின்னால ஒருத்தர் கோலோட நடக்கிறார். மாடு உள்ளே வந்தா ஒரு போடு போடுவார். இதுக்குப் பின்னால ஆரு நடக்கிறா?"

"ஊரே சொல்லுதே புள்ள."

"ஊரு மாட்டைச் சொல்லுது."

அவன் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். உடைந்த மூக்கோடு, பாதி இறக்கையோடு அதைக் களத்துக்குத் தூக்கிப்போனோம். மிச்ச ஈதரில் கொஞ்சம் செலவாகும், பரவாயில்லை. கம்பியை நான் பிடித்துக்கொள்ள, வெளி எஞ்சினை மட்டும் கிளப்பித் தரையில் ஓடவிட்டோம். நாய்க்குட்டிபோல் திரும்பி என்னிடம் வந்தது. பிறகு மிஞ்சிய ஒரே விசிறியை மாற்றிப் பூட்டி, உள் எஞ்சினை மட்டும். காரிதான், அரை மனதுதான். ஆனாலும் விமானம் என்னை விட்டு விலகப் பார்த்தது. கம்பி விறைத்து நின்றது.

மச்சான் தரையில் உட்கார்ந்துவிட்டான். "கெரகம் புடிச்சது," என்று மட்டும் சொன்னான்.

எந்த எஞ்சின் முதலில் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது. வெளியே இருப்பது முதலில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பது கடைசிவரை ஓடி, கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்படியானால் செவலை உள்ளே வர வேண்டும், காரி வெளியே போக வேண்டும். தொட்டியும் உள்ளே பெரிதாக, வெளியே சின்னதாக. ஞாயிறு முழுவதும், திங்கள் முழுவதும் அதுதான் வேலை. மச்சான் மூக்கையும் புது விசிறியையும் சீவினான். நான் தாள் ஒட்டினேன். ஈயம் உருக்கிப் புதுத் தொட்டி பற்றவைத்தோம். இடது கையில் அதன் தழும்பு இன்னும் உண்டு. பதற்றத்தில் எஞ்சினை மாற்றிப் பூட்டிவிடுவோமோ என்று பயம் வந்தது. கல்லாப்பெட்டிமேல் அன்றைய நாட்காட்டித் தாள் கிடந்தது; காசு வாக்குவாதத்தில் யாருக்கோ தேதியைக் காட்ட அத்தா கிழித்தது. அதன் பின்புறம், அடியில், எழுதி வைத்துக்கொண்டேன். மேல் பாதி அப்போது காலி.

வார்னிஷ் காய மாலையாகிவிட்டது. எங்கள் களத்துக்கு மேற்கே மரம், வீடு எதுவும் இல்லை என்பதால் பிறை பார்க்க எல்லோரும் அங்கேதான் வருவார்கள். நாங்கள் விமானத்தோடு போனபோது சூரியன் விழுந்துவிட்டது. தொழுதுவிட்டு ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். கம்பவுண்டர் கொல்லங்கோட்டிலிருந்து சைக்கிளில் வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாதவர்போல் நின்றார். மேற்கே அடிவானத்தில் மேகம், அழுக்குத் துணியைப் பிழிந்து போட்டதுபோல். மச்சான் சுண்டினான். செவலை எழுந்தது. காரி எழவில்லை. செவலையை நிறுத்தி, மறுபடி. எழவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிறை பாக்கிற எடத்துல இது என்ன கூத்து? கொண்டு போங்க ஊட்டுக்கு."

அத்தா அப்போதுதான் வந்தார். கட்டிய தொண்டையில் மெதுவாகச் சொன்னார்: "இன்னும் பிறை தெரியலைங்களே, மோதினாரே. கெடு முடியலை."

எந்தக் கெடு என்று மோதினாருக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

காரி எழுந்தது. அரை மனதாக, இருமிக்கொண்டு. மச்சான் கையை எடுத்தான்.

தரையை விட்டதும் தெரிந்துவிட்டது. இழுப்பு வேறு மாதிரி. மூக்கு வெளியே பார்த்தது. கம்பி வீணைத் தந்திபோல் ஒலித்தது. நான் சுற்றினேன். களத்து ஓரத்து ஆட்கள் ஒவ்வொருவராக என் கண்ணுக்குள் வந்து போனார்கள். வாயைப் பிளந்த களத்துக்காரர். கம்பவுண்டர், சைக்கிள். கை கட்டிய மோதினார். மேற்கு ஓரத்தில், எல்லோருக்கும் வெளியே, தனியாக அத்தா. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. அவர் மட்டும் மேற்கே பார்த்து நின்றதால் எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் முதுகு. கையைப் புருவத்தில் வைத்த முதுகு.

ஒரு சுற்றில் மேற்கு வெளிச்சமாக இருந்தது என்று நினைக்கிறேன். மேகம் சற்றே விலகியிருக்க வேண்டும். விமானத்தின் நிழலுருவம் அங்கே மட்டும் கறுப்பாகத் தெளிந்தது. அடுத்த சுற்றில் வந்தபோது அத்தாவின் முகம் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் மேற்கே திரும்பவில்லை.

பிறகு சத்தம் பாதியானது. களமே மூச்சைப் பிடித்தது. இதற்கு முன் இரண்டு முறை பார்த்தவர்கள் ஆயிற்றே. காரிதான் நின்றது. ஆனால் காரி இப்போது வெளியே. செவலை மட்டும் உள்ளே ஓடியது, இழுத்துப் பிடித்தது. கம்பி தொய்யவில்லை. சுற்றிச் சுற்றிச் செவலையும் தீர்ந்தபோது பிடியைத் துளித்துளியாகச் சாய்த்தேன். அது சாணத்தரையில் இறங்கி, உருண்டு, நின்றது. இறக்கை இரண்டும் முழுசாக இருந்தன.

கூச்சல் அடங்கியதும் மோதினார்தான் முதலில் மேற்கே பார்த்தார். மேகம் மறுபடி மூடிவிட்டது.

"ஆருக்காச்சும் தெரிஞ்சுதா?"

பின்னாலிருந்து ஒருவர், "நான் ஏரோப்ளேனைத்தானுங்க பாத்தேன்," என்றார். சிரிப்பு.

"வருசத்துக்கு ஒருக்கா வர்ற நோம்புப் பிறை. அதை உட்டுப்போட்டுப் பொம்மையைப் பாத்தீங்களாக்கும்!" மோதினார் அத்தாவிடம் திரும்பினார். "நீங்க அக்கட்ட மேக்கயேதான பாத்துட்டிருந்தீங்க?"

"மேகமுங்க," என்றார் அத்தா.

ஷஅபான் முப்பது பூர்த்தி என்று முடிவானது. அதாவது நோன்பு ஒரு நாள் தள்ளிப்போனது. அத்தா கடைக்குப் போய்க் கல்லாப்பெட்டிமேல் கிடந்த தாளின் மேல் பாதியில் எழுதினார். என் வரி அங்கே ஏற்கெனவே இருந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த அந்த ஒரு நாளைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ஈதர் புட்டி காலியாகும்வரை நான் பறக்கவிட்டேன். மச்சான் சுண்டினான், ஒரு தடவைகூடப் பிடியைக் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் காரி முதலில் நின்றது. ஒவ்வொரு தடவையும் நல்லபடி இறங்கியது. மாதத்துக்கு முப்பதுக்கு மேல் நாள் கிடையாது என்பதால் அன்று மாலை பிறை பார்க்கத் தேவையிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்குள்தான். களத்தில் மச்சான் ஓட்டும் சத்தம் அடுக்களைக்குக் கேட்கும். இரண்டு சத்தம் ஒன்றாகும்போது, நின்றது எது என்று பார்க்காமலே சொல்வேன். அம்மா முதலில் சிரித்தார். பிறகு அவரும் சொல்லப் பழகிக்கொண்டார். அத்தா பொள்ளாச்சி போனால் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று வாங்கி வருவார், சாமான் மடிக்க என்று. மடிப்பதற்கு முன் நான் படிக்க ஒரு நாள் விடுவார். கிடைத்ததையெல்லாம் படித்துத் தேதி போட்டு வைக்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். மச்சானைத்தான் கட்டிக்கொண்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. அவன் பெரியவனாகி மாமுவிடம் பினாங்கு போனான், செவலையை எடுத்துக்கொண்டு. காரியை என்னிடம் விட்டுப்போனான். விமானம் எந்த மழையில் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

பிற்பாடு பழைய பஞ்சாங்கங்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை மாலை மேற்கு வானத்தில் பிறை இருந்திருக்க வேண்டும். மேகம் விலகியிருந்தால் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில்தான் இருந்திருக்கும். அந்த ஆண்டு பெருநாளுக்கு முன் எங்கள் ஊரில் இருபத்தொன்பது நோன்பு. வேறு ஊர்களில் முப்பது என்று இருவர் சொன்னார்கள், இல்லை என்று ஒருவர் சொன்னார். எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை. என்னையே சாட்சியாகக் கூப்பிட்டால், அன்று ஒவ்வொரு சுற்றிலும் நான் மேற்கைத்தான் நேராகப் பார்த்தேன். விமானத்தைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை.

அத்தாவிடம் ஒரே ஒரு முறை கேட்டேன், அவருடைய கடைசி வருடத்தில். "மேகம்னுதான் அப்பவே சொன்னனே," என்றார்.

ஒரு சுற்றில் முதுகு. அடுத்த சுற்றில் முகம். அந்த இரண்டுக்கும் நடுவில் அவருக்குப் பிறை தெரிந்ததா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.